கன்னியம்மாக்காவின் மீசையை அழிக்கத் திருமுடிவாக்கம் போன கதை

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாக்காவுக்கு நான் மீசை வைத்துவிட்டேன். கருநீலத்தில், நல்ல அடர்த்தியாக, இரண்டு பக்கமும் லேசாக இறங்கிய மீசை. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்தப் படத்தைத் தெருவில் எல்லோர் முன்னாலும் அவர் கையில் விரித்துக் கொடுத்தபோது முதலில் சிரித்தவள் நான்தான். என்னைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மீன் சுற்றும் செய்தித்தாளில் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர், பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

இந்தப் பதிவு அந்த மீசையை அழிக்க நான் அலைந்த அலைச்சலைப் பற்றியது. இதில் மலை கிடையாது, அருவி கிடையாது. சேலையூரிலிருந்து திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை வரை ஒரு நாள், அப்புறம் கடற்கரைக் குப்பம் வரை இன்னொரு நாள், அவ்வளவுதான். வீட்டிலேயே புகைப்படம் அச்சிடுகிறவர்கள், காகிதத்தில் மருந்து பூசக் கருவி தேடுகிறவர்கள் படிக்கலாம். மற்றவர்கள் என் முட்டிவலிக்காகப் படிக்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் மற்ற பெண்கள் யோகாவுக்குப் போகிறார்கள். நான் சயனோடைப்புக்குப் போனேன். இரண்டு இரும்பு உப்புகளைத் தண்ணீரில் கரைத்துக் கலந்தால் பச்சையும் மஞ்சளுமாக ஒரு திரவம் வரும். அதைக் காகிதத்தில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே ஒரு நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால் நீல நிறத்தில் புகைப்படம் வந்துவிடும். கேமரா இருட்டறை எதுவும் வேண்டாம், குளியலறையும் மொட்டை மாடியும் போதும். என் வீட்டுக்காரர் இதற்கு வைத்திருக்கும் பெயர் நீல வியாதி. குளியலறைத் தரையில் இருக்கும் கறைகளைப் பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம்தான்.

இதில் எல்லாமே சுலபம், பூசுவதைத் தவிர. மருந்து தடிமனாக விழுந்த இடம் கருநீலமாகும், மெலிதாக விழுந்த இடம் வெளுத்துப்போகும். பிரஷ் போன தடமெல்லாம் படத்தில் கோடாக நிற்கும்.

கன்னியம்மாக்கா என் மாடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வேப்பிலைப் படத்தைக் கீழேயிருந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டார். "இன்னா பேங்க்கம்மா, கடல் கலர்ல கீது! எங்க புது வூட்டுக்கு என்னிய ஒண்ணு இது மாரி போட்டுக் குடேன்." பதினைந்து வருடமாகச் சிறுசேமிப்பு போட்டுக் கட்டுகிற வீடு. கிரகப்பிரவேசப் பத்திரிகையை எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான் வைத்தார். நானும் பெருமையில், போட்டுவிடலாம் அக்கா, சுவர் அளவுக்கே போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மீன் வண்டி தாமதம். உச்சி வெயிலில் வந்து கூடையை இறக்கியவரை நிற்கவைத்துக் கைபேசியில் எடுத்தேன். அவரோடு நாங்கள் எல்லோரும் நின்றும் ஐந்தாறு எடுத்துக்கொண்டோம். இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னபடி கான்ட்ராஸ்டை, அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, தாராளமாக ஏற்றி, கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் கண்ணாடித்தாளில் நெகட்டிவ் எடுத்தேன். அச்சும் போட்டேன். பின்சுவரில் ஏழு கோடு, சேலையில் மூன்று கோடு, மூக்குக்குக் கீழே ஒன்று.

அவர் வராமல் போனதும் தெரு என்னைத்தான் பார்த்தது. எதிர்வீட்டு டீச்சர் தினமும் கேட் அருகில் நின்று, "மேடம், உங்க போட்டோகிராபியால நாங்க ஃப்ரோசன் மீன் சாப்பிடறோம்" என்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கன்னியம்மாக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம். கட்டுகிற வீட்டில் தன் முகம் ஒன்று மாட்டவேண்டும் என்று. அதற்கு நான் செய்தது, நடுத்தெருவில் வைத்துச் சிரித்தது. போன் போட்டால் எடுக்கவில்லை. கிரகப்பிரவேசம் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் கோடில்லாத ஒரு படம் எடுத்துக்கொண்டு போய் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது?

வீட்டில் முயற்சி செய்யாமல் கிளம்பவில்லை. ஹார்டுவேர் கடைப் பெயின்ட் பிரஷ்ஷில் முடியைச் சுற்றித் தகரப் பட்டை இருக்கும். அது மருந்தில் பட்டால் பட்ட இடமெல்லாம் நீலப் புள்ளி. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மருந்தையெல்லாம் தானே குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் பஞ்சை நுழைத்து நூலால் இழுத்துக் கட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் பூசியது, ஆனால் பஞ்சு இழை காகிதத்தில் ஒட்டிக்கொண்டு கன்னியம்மாக்காவின் கன்னத்தில் தாடி வந்தது. மீசைக்கே இந்தப் பாடு. சப்பாத்திக் குழவியில் கண்ணாடித்தாள் சுற்றி உருட்டியது பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. அந்தக் குழவி இப்போது சமையலறையிலும் இல்லை, குளியலறையிலும் இல்லை. எங்கே என்று வீட்டுக்காரர் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இதற்கென்றே கண்ணாடிக் கம்பி விற்கிறார்கள். காகிதத்தின் மேல்விளிம்பில் மருந்தை ஒரு கோடாக ஊற்றி, கம்பியை அதில் தொட்டுக் கீழே இழுத்தால் மருந்து கம்பியோடு திரைச்சீலை மாதிரி இறங்கிவரும். கோடே விழாது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வர மூன்று வாரம். அப்போதுதான் குமரேசன் நினைவு வந்தது. எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கிறார், திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை. எப்போது வந்தாலும், "ஒரு நாள் நம்ம பட்டறைக்கு வாக்கா, இன்னா வேணும்னாலும் கடைஞ்சு தரேன்" என்பார். இப்படிக் கூப்பிடுகிறவர்களை நம்பி யாரும் போவதில்லை. நான் போனேன்.

வியாழக்கிழமை விடுப்பு. ஸ்கூட்டர் சர்வீஸில் கிடந்ததால் பேருந்து. வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். பாசம் என்று நினைக்கவேண்டாம். ஓய்வுபெற்று ஐந்து மாதம் ஆகிறது, வீட்டில் டிவி ரிமோட்டைத் தவிர அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை.

காலை ஒன்பதேகாலுக்குக் கேம்ப் ரோடில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். கிழக்குத் தாம்பரம் மூன்று கிலோமீட்டர், தலைக்கு இருபது ரூபாய். அங்கிருந்து தண்டவாளத்தைத் தாண்டி மேற்குத் தாம்பரம் போக நடைமேம்பாலம். படி ஏறும்போது என் இரண்டு முட்டியும் தனித்தனியாகப் புகார் செய்தன. மேலே ஏறியதும் நின்றேன். எதிரே ரயிலைவிட்டு இறங்கிய கூட்டம் மொத்தமும் ஏதோ நான்தான் அவர்களைத் தாமதப்படுத்தியது போலப் பார்த்துக்கொண்டு போனது. இளவயதில் இதே பாலத்தைத் துள்ளிக் கடந்தேன் என்றேன். "அப்ப எதிர்ல நான் வந்தேன், அதான் துள்ளின" என்றார் வீட்டுக்காரர்.

ஜி.எஸ்.டி. சாலையில் குன்றத்தூர் வழியாகப் பூந்தமல்லி போகும் பேருந்துக்கு முப்பத்தைந்து நிமிடம் நின்றோம். எனக்குப் பயணம் இலவசம், அவருக்குச் சீட்டு. இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு அரசாங்கத்தின் மேல் தீராத வருத்தம். "எனக்கு டிக்கெட், உனக்கு ஓசி. ஆனா போறது உன் வேலைக்கு." பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று வண்டி நின்று நின்று போனது. உட்கார இடம் கிடைத்தது, ஆனால் என்ஜின் மேல். இறங்கும்போது என் புடவையில் கால் கிலோ வேர்வை கூடுதல். பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம்.

பேட்டைக்குள் முக்கால் கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் தகரக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலிருந்தும் வேறு வேறு சத்தம். சாலையில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடக்கிறது. அழகாக இருக்கிறதென்று நான் ஒன்றை எடுத்தேன், விரலை அறுத்துவிட்டது. போகிறவர்களுக்கு முதல் ஆலோசனை: கீழே கிடப்பதை எடுக்காதீர்கள், மூடிய செருப்புப் போடுங்கள்.

குமரேசன் என் வயதுக்காரர், தொப்பையில் மட்டும் என்னைவிடப் பெரியவர். எங்களைப் பார்த்ததும் லோன் விஷயமாக வந்திருக்கிறேன் என்று முகம் வெளுத்துவிட்டது. இல்லை, ஒரு கம்பி வேண்டும் என்றதும் நாற்காலி, டீ எல்லாம் வந்தது. பன்னிரண்டு அங்குலம், விரல் தடிமன், வழவழவென்று உருண்டையாக, காகிதத்தின் மேல் இழுக்க, என்று விளக்கினேன்.

"இன்னாக்கா, பூரிக்கட்டையா?"

"இல்லப்பா. போட்டோ போட. மருந்து பூசற கம்பி."

"போட்டோ தான் போன்லயே வர்துல்ல? அப்பால இன்னாத்துக்கு மருந்து?"

"அதைத்தான் தம்பி நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் வீட்டுக்காரர். இரண்டு பேருக்கும் அந்த நொடியில் ஆயுள்கால நட்பு ஏற்பட்டுவிட்டது.

ஸ்டீல் கம்பி வேண்டாம், மருந்து இரும்போடு சண்டை போடும் என்றேன். குமரேசன் வெள்ளை நைலான் கம்பி ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டினார். நான் டீயை முடிப்பதற்குள் கொண்டுவந்து நீட்டினார். கம்பி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், பலாப்பழத் தோல் மாதிரி.

"இது என்ன குமரேசன்?"

"நர்லிங் போட்டுட்டேங்க்கா! சும்மா வழவழன்னு இருந்தா கையில நிக்குமா? காயிதமும் நவுரும். இப்போ பாரு, கிரிப்பு எப்டி கீது. இதுக்குத் தனியா துட்டு வேணாம்."

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எப்படிச் சொல்வது? சொன்னால் புரியாதென்று செய்து காட்டினேன். கையோடு கொண்டுபோயிருந்த காகிதத்தை மேசையில் விரித்து, மேல்விளிம்பில் மிச்ச டீயை ஊற்றி, அந்தக் கம்பியால் இழுத்தேன். காகிதத்தில் ஒரு முழு முதலை படுத்துக்கொண்டது.

பட்டறையே வந்து பார்த்தது. குமரேசனுக்குக் கோபம். "டீயில சக்கரை ஜாஸ்திக்கா, அதான் ஒட்டுது." இன்னொரு டீ, சர்க்கரையில்லாமல், வரவழைக்கப்பட்டது. இன்னொரு முதலை. அடுத்து நர்லிங் போடாமல் கடைந்து தந்தார். அதில் லேத் உளி போன தடம் நூல் நூலாக இருந்தது. டீ சாலைக் கோடு போட்டது. உப்புத்தாளால் தேய்த்தார், கோடு சிறியதானது, போகவில்லை. மணி ஒன்றரை. தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் மூன்று பேர் டீயால் காகிதம் பூசிக்கொண்டிருந்தோம். எனக்குத் தலை வலித்தது. வங்கியில் என் நாற்காலிக்கு மேலே இருக்கும் ஏ.சி.யை நினைத்துக்கொண்டேன். ஒரு மீசைக்காக ஒருத்தி இவ்வளவு சோர்ந்துபோகலாமா?

அப்போது பக்கத்துக் கொட்டகைக்காரர் ஒருவர் வெற்றிலை கேட்டு வந்தார். அவர்கள் பாய்லர் பழுதுபார்ப்பவர்கள். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரிவதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் மாட்டியிருப்பார்களாம், கேஜ் கிளாஸ் என்று பெயர். எங்கள் முதலைகளைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி தான வேணும்? நம்மாண்ட ஒடஞ்சது நாலு கெடக்குது" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையோடு போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

ஒரு முனை உடைந்த குழாய், விரல் தடிமன், மிச்ச நீளம் பதின்மூன்று அங்குலம். குமரேசன் உடைந்த முனையை வெட்டி, சாணைச் சக்கரத்தில் தண்ணீர் விட்டு விளிம்பை மழுக்கினார். பிடித்துக்கொள்ள வேண்டுமே? பட்டறை மூலையில் கொத்தனார் விட்டுவிட்டுப் போன மணியாசுக் கட்டை ஒன்று கிடந்தது. சுவர்ப் பூச்சைத் தேய்க்கும் பலகை, முதுகில் கைப்பிடியோடு. அதன் விளிம்பில் நீளவாக்கில் ஒரு பள்ளம் செதுக்கி, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து கண்ணாடியை ஒட்டினோம். பசை இறுகுமட்டும் வீட்டுக்காரரும் குமரேசனும் என் பொழுதுபோக்குகளைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். சப்பாத்திக் குழவி விஷயம் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டீ பரீட்சை. காகிதத்தில் டீ மேலிருந்து கீழே ஒரே நிறமாக இறங்கியது. கோடில்லை, புள்ளியில்லை. குமரேசன் மட்டும், "வழவழப்புல இத வுட என் நைலானுக்கு இன்னா கொறச்சல்னு எனக்கு இன்னும் தெர்லக்கா" என்றார். கூலி முந்நூற்றைம்பது, ஏழு டீ தனி. முதலைக் கம்பியை நினைவாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதில் இப்போது முதுகு சொறிந்துகொள்கிறேன். மிக நன்றாக இருக்கிறது.

திரும்புவது போனதைவிடக் கொடுமை. மாலை நாலரைக்குப் பேட்டையில் எல்லா ஷிப்டும் விடுகிறார்கள், எல்லோரும் அதே பேருந்தில் ஏறுகிறார்கள். வீட்டுக்காரர் கருவியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அனகாபுத்தூர் வரை ஒற்றைக்காலில் நின்றார். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். அவரும் உட்கார்ந்துவிட்டார்! தாம்பரம் பாலத்தில் மறுபடி முட்டி. கடைசி ஷேர் ஆட்டோவில் துண்டு விலகிவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார் அது, இம்மாம் பெரிய தெர்மாமீட்டரு? யாருக்கு ஜொரம்?"

"வீட்டுக்காரிக்குத்தான்பா. ரொம்ப நாளா இருக்கு" என்றார் இவர்.

வீடு சேர்ந்தபோது மணி ஏழு. நான் செருப்போடு படுத்துவிட்டேன்.

வெள்ளி மாலை குளியலறையில் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு பூசினேன். மருந்தை ஊசிக்குழாயால் ஒரு கோடு, கண்ணாடியைத் தொட்டு நிறுத்தி, கீழே ஒரு இழுப்பு, மேலே ஒரு இழுப்பு. பல வருடத்தில் நான் ஒரே தடவையில் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். சனி, வங்கிக்கு விடுமுறை. காலை மொட்டை மாடியில் இருபது நிமிட வெயில், பிறகு தண்ணீர்த் தட்டு. நீலம் மெல்ல எழுந்து வந்தது. பின்சுவர் கழுவிவிட்ட மாதிரி சுத்தம். சேலையில் ஒரு கோடில்லை. கூடையில் வஞ்சிரத்தின் கண்கூடத் தெரிந்தது. கன்னியம்மாக்காவின் முகம் தெளிந்து வந்தது. அந்த முகத்தில், மூக்குக்குக் கீழே, முன்பைவிடத் தெளிவாக, ஒவ்வொரு மயிரும் சீவிவிட்ட மாதிரி, மீசை.

தட்டின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "நெகட்டிவ்லயே இருக்கோ என்னவோ, பார்த்தியா?" என்றார் இவர். நெகட்டிவில் எல்லோருமே பேய் மாதிரிதான் இருக்கிறார்கள், அதில் எதைப் பார்ப்பது? மறுபடி பூச மருந்தும் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை. இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்பது, அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை ஆறரைக்குச் சோழிங்கநல்லூர் பேருந்து. செம்பாக்கம் ஏரியைத் தாண்டும்போது காற்று நன்றாக இருந்தது. மேடவாக்கத்துக்குப் பிறகு இல்லை. சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு பேருந்து. மொத்தம் இரண்டு மணி நேரம். குப்பத்துக்குள் நுழைந்ததும் மைக் செட் சத்தமே வழி காட்டியது. வலை காயும் மணலுக்கு இந்தப் பக்கம், பச்சை வண்ணத்தில் புது வீடு, வாசலில் வாழை மரம்.

உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கூடத்தின் நடுச்சுவரில், கோடு கோடாக, என் முதல் படம். கண்ணாடிச் சட்டம் போட்டு, கன்னியம்மாக்காவின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய ரோஜா மாலை சார்த்தியிருந்தது. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் என் காதில், "போன் எடுக்கலன்னு சொன்னியே..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். கையிலிருந்த படச்சுருள் கனத்தது.

"யாரு, பேங்க்கம்மாவா? இப்பதான் வர்றியா? பால் காய்ச்சி முட்சாச்சு!"

பின்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தது கன்னியம்மாக்காவேதான். அழுகை வந்துவிட்டது எனக்கு. "என்னக்கா இது, உயிரோட இருக்கறப்ப மாலை போட்டு வச்சிருக்கீங்க!"

"ஐய, அது நானா? நல்லாப் பாரு. அது எங்கப்பாரு."

நான் பார்த்தேன்.

"எங்கப்பாருக்கு ஒரு போட்டோ கெடையாதும்மா. ஒண்ணு இருந்துச்சு, கடல்தண்ணி உள்ள வந்தப்போ போச்சு. நீ அன்னிக்கு நடுரோட்ல பிரிச்சுக் காட்னியா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவரு மூஞ்சி, அவரு மீசை. நீங்கல்லாம் சிரிக்கிறீங்கோ, எனக்கு நெஞ்ச அடைக்குது. அங்க நின்னு அழுதா மீனு நாறிடும்னு வந்துட்டேன்." கரண்டியால் மாலையைச் சரிசெய்தார். "எங்க பெரியண்ணன் மூணு வருசமா என்கூடப் பேசல. பத்திரிக வெக்கப் போனப்பவும் மூஞ்சி குடுக்கல. நேத்து சும்மா எட்டிப் பாக்க வந்தான். இதப் பாத்தான், வாசல்லயே செருப்பக் கழட்டிட்டான். உள்ள தூங்கறான் பாரு, ராத்திரி வேலையெல்லாம் அவன்தான்."

"அப்ப எங்க தெருவுக்கு ஏன் வரல? போனும் எடுக்கல?"

"கொத்தனார வுட்டுட்டு வந்தா அவன் வேலய வுட்டுட்டுப் பூடுவான். போனு சிமென்ட்டுத் தொட்டில வுழுந்துச்சு. உன் மேல எனக்கு இன்னா கோவம்? லூசாம்மா நீ?"

இரண்டு ராத்திரி தூங்காதவளுக்கு இதைவிட இதமான வார்த்தை கிடையாது. சுருளைப் பிரித்தேன். அவர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மூக்கடியில் விரலை வைத்தார்.

"இதுல மீச இன்னும் சரியா வுழுந்துகீதே. இதையே மாட்டிடலாம். கோடு போட்டதுல அவரு மழைல நனைஞ்ச மாரி கீறாரு."

"அக்கா, அப்ப உங்க படம்? நீங்க கேட்டது உங்களைத்தானே?"

"நான் இங்கதான கீறேன். கண்ணாடில பாத்துக்கறேன். சாப்ட்டுட்டுப் போ."

சாப்பிட்டோம். சங்கரா வறுவல் மட்டும் நான்கு துண்டு. புறப்படும்போது பெரியண்ணன் எழுந்து வந்து, வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவ நீங்க எங்க சார் பாத்தீங்கோ?" என்று கேட்டார். இவர் என்னைக் கைகாட்டிவிட்டார். செவ்வாயிலிருந்து தெருவுக்கு வருகிறேன் என்று கன்னியம்மாக்கா சொல்லி அனுப்பினார். எதிர்வீட்டு டீச்சரிடம் நான் சொல்லவில்லை. அவர் தானாகவே தெரிந்துகொள்ளட்டும்.

போக நினைக்கிறவர்களுக்கு: திருமுடிவாக்கத்துக்கு வாரநாளில் போங்கள், ஞாயிறு எல்லாம் மூடியிருக்கும். போனதும் லோன் விஷயம் இல்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள். உடைந்த கேஜ் கிளாஸ் கேட்டால் அனேகமாகச் சும்மா தருவார்கள். விளிம்பை மழுக்காமல் கையில் வாங்காதீர்கள். ஒட்டும்போது கண்ணாடி பலகையைவிடக் கொஞ்சம் கீழே நீட்டிக்கொண்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் மரம் மருந்தைக் குடித்துவிடும். காகிதத்தின் அகலத்தைவிடக் குழாய் ஒரு அங்குலம் நீளமாக இருப்பது நல்லது. முதலில் டீயில் பழகுங்கள், மருந்து விலை அதிகம். முட்டிக்குக் கீழே பட்டை கட்டிக்கொண்டு தாம்பரம் பாலம் ஏறுங்கள்.

அலைச்சல் வீணா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. அந்தக் கருவி அருமையான கருவி. அதற்குமேல் யோசிக்க எனக்குச் சக்தியில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடவேண்டும். திரும்பி வரும் பேருந்தில் வீட்டுக்காரர் என் கைபேசியை வாங்கி, அன்று உச்சி வெயிலில் தெருவில் நாங்கள் எடுத்துக்கொண்ட படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். தலைக்கு நேர்மேலே சூரியன். எதிர்வீட்டு டீச்சருக்கு, கீழ்வீட்டுப் பெண்ணுக்கு, எனக்கு, எல்லோருக்கும் மூக்கின் நிழலில் மீசை இருக்கிறது.